குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரை தாய்ப்பாலில் ஏன் இருக்கிறது?

ஒரு லிட்டர் தாய்ப்பாலில் சுமார் 70 கிராம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருக்கும். சுமார் 40 கிராம் கொழுப்பு இருக்கும். இரண்டும் குழந்தைக்குச் சக்தி தருபவை. மூன்றாவது இடத்தில் புரதம் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், அந்த இடத்தில் இருப்பது ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். சீம்பாலில் இன்னும் அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சர்க்கரையைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அதை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் இல்லை. இரைப்பை, சிறுகுடல் எல்லாவற்றையும் கடந்து பெரும்பாலும் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. ‘ஹியூமன் மில்க் ஒலிகோசாக்கரைடு’ என்பது இதன் விஞ்ஞானப் பெயர். சுருக்கமாக ஹெச்.எம்.ஓ. இதில் 150-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

பிரசவித்த களைப்பில் இருக்கும் ஒரு தாயின் உடல், தன் சத்தைச் செலவழித்து இத்தனை வகை சர்க்கரையைச் செய்கிறது. பிள்ளைக்குச் செரிக்காத ஒன்றை எதற்காக மெனக்கெட்டுச் செய்ய வேண்டும்?

அந்தச் சாப்பாடு பிள்ளைக்கானது அல்ல. பிள்ளையின் குடலில் குடியேறும் பாக்டீரியாவுக்கானது!

பாரிஸில் கிடைத்த முதல் துப்பு

இந்தக் கதை நூறு வருடங்களுக்கு மேல் பழையது. 1899-1900 வாக்கில், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஹென்றி டிஸியே என்ற மருத்துவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப்போல இரண்டாகப் பிரிந்த ஒரு பாக்டீரியா அதில் கூட்டம் கூட்டமாக இருந்தது. லத்தீனில் ‘இரண்டாகப் பிளந்தது’ என்ற பொருளில் அதற்கு ‘பிஃபிடஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று அந்தக் குடும்பத்தை ‘பிஃபிடோபாக்டீரியா’ என்கிறார்கள்.

வேறு பால் குடித்து வளர்ந்த குழந்தைகளிடம் இது குறைவாகவே இருந்தது. வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட குழந்தைகளுக்கு இந்த பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையையும் டிஸியே அப்போதே முன்வைத்தார். இன்று ‘புரோபயாடிக்’ என்று கடைகளில் விற்கப்படுவதன் ஆரம்பப் புள்ளிகளில் அதுவும் ஒன்று.

தாய்ப்பாலில் எது இந்த பாக்டீரியாவை வளர்க்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1950-களில், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குழந்தைகள் நல மருத்துவர் பால் ஜார்ஜியும், நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ரிச்சர்ட் கூனும் சேர்ந்து அந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதுதான், குழந்தைக்குச் செரிக்காத அந்தச் சர்க்கரை.

மொத்தமாக அள்ளிச் சாப்பிடும் விருந்தாளி

பிஃபிடோ குடும்பத்தில் பல கிளைகள் உண்டு. அதில் தாய்ப்பால் சர்க்கரையைச் சாப்பிடுவதில் கில்லாடி, ‘இன்ஃபான்டிஸ்’ என்ற வகை. 2008-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக விஞ்ஞானிகள் இதன் மரபணுத் தொகுப்பை முழுவதுமாகப் படித்தார்கள். தாய்ப்பால் சர்க்கரையைப் பிடிப்பதற்கும் உடைப்பதற்கும் என்றே தனியாக ஒரு மரபணுக் கூட்டம் அதில் இருந்தது.

மற்ற பல பாக்டீரியாக்கள் சர்க்கரையை வெளியிலேயே உடைத்துச் சாப்பிடும். சிந்தியதை வேறு கிருமிகளும் பொறுக்கித் தின்னும். இன்ஃபான்டிஸ் அப்படியில்லை. சர்க்கரையை முழுசாகத் தனக்குள்ளே இழுத்துக்கொண்டு, உள்ளே வைத்து உடைக்கிறது. அடுத்தவருக்கு மிச்சம் வைப்பதில்லை. அதனால் பந்தியில் கெட்ட கிருமிகளுக்கு இலை கிடைப்பதில்லை.

சாப்பிட்ட பிறகு இது வெளியிடும் அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் குடலைப் புளிப்பாக்குகின்றன. பால் தயிராகும்போது புளிப்பு ஏறுகிறதே, கிட்டத்தட்ட அதே மாதிரி. வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் கிருமித்தொற்று ஆகியவற்றை உண்டாக்கும் பல கிருமிகளுக்கு இந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. சில நோய்க்கிருமிகள் குடல் சுவரில் இருக்கும் சர்க்கரைக் கண்ணிகளைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழையும். தாய்ப்பால் சர்க்கரையும் பார்ப்பதற்கு அந்தக் கண்ணிகளைப்போலவே இருக்கும். கிருமி ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்ளும். மலத்தோடு வெளியேறிவிடும்.

பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம், எது நண்பன், எது எதிரி என்று பழகும் பள்ளிக்கூடமும் குடல்தான். அந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களில் இந்த பாக்டீரியாக்களுக்கு முக்கிய இடம் உண்டு.

பாலுக்குள்ளேயும் பாக்டீரியா

தாய்ப்பால் கிருமியே இல்லாத சுத்தமான திரவம் என்றுதான் வெகுகாலம் நம்பப்பட்டது. பாலில் பாக்டீரியா தெரிந்தால் அது தோலிலிருந்து ஒட்டிய அழுக்கு என்று ஒதுக்கினார்கள். 2003-ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், ஆரோக்கியமான தாய்மார்களின் பாலிலேயே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு பல நாடுகளில் இது உறுதியானது. ஒரு நாளைக்கு 800 மில்லி பால் குடிக்கும் குழந்தை, அதோடு சேர்த்து லட்சம் முதல் ஒரு கோடி பாக்டீரியா வரை விழுங்குகிறது என்பது ஒரு கணக்கு.

இவை எங்கிருந்து வருகின்றன? தாயின் தோலிலிருந்து கொஞ்சம். குழந்தையின் வாயிலிருந்து கொஞ்சம். பால் குடிக்கும்போது சிறிதளவு பால் காம்புக்குள் திரும்பிச் செல்வது அல்ட்ராசவுண்டில் பதிவாகியிருக்கிறது. தாயின் குடலிலிருந்தே நோய் எதிர்ப்பு செல்கள் வழியாகச் சில பாக்டீரியாக்கள் மார்புக்கு வருகின்றன என்று ஒரு கருத்தும் உண்டு. அதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் நடக்கிறது.

2017-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 107 தாய் - சேய் ஜோடிகளைப் பரிசோதித்தது. பெரும்பாலும் தாய்ப்பாலையே குடித்த குழந்தைகளுக்கு, முதல் 30 நாள்களில் குடல் பாக்டீரியாவில் சுமார் 28 சதவிகிதம் தாய்ப்பாலிலிருந்தும், சுமார் 10 சதவிகிதம் மார்புக் காம்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்தும் வந்திருந்தன. ஆக, தாய்ப்பால் விதையையும் கொடுக்கிறது. அது முளைக்க உரத்தையும் கொடுக்கிறது.

விதை குறைந்தால் என்ன ஆகும்?

2018-ல் வெளியான ஓர் ஆய்வு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் உள்ள அமிலத்தன்மை பற்றிய பழைய மருத்துவப் பதிவுகளைத் திரட்டியது. 1926-ல் 5.0 ஆக இருந்த பி.ஹெச் அளவு, 2017-ல் 6.5 ஆக உயர்ந்திருந்தது. பி.ஹெச் உயர்ந்தால் புளிப்பு குறைகிறது என்று அர்த்தம். இந்த ஒன்றரைப் புள்ளி வித்தியாசம், அமிலத்தன்மை சுமார் 30 மடங்கு குறைந்ததற்குச் சமம். பிஃபிடோபாக்டீரியா குறைந்துபோனதே இதற்குக் காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஆன்டிபயாடிக் பயன்பாடு, சிசேரியன், புட்டிப்பால் ஆகியவற்றின் மேல் அவர்கள் சந்தேகம் விழுந்தது.

வங்கதேசத்தில், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு இருந்த ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் குடலில் இன்ஃபான்டிஸ் மிகவும் குறைவாக இருந்தது. அவர்களுக்கு அந்த பாக்டீரியாவைக் கொடுத்தபோது எடை கூடுவது மேம்பட்டதாக 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

சிசேரியன் அம்மாக்கள் கவலைப்பட வேண்டுமா?

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 21.5 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதம். அதாவது, இங்கே கிட்டத்தட்ட இரண்டில் ஒரு குழந்தை சிசேரியனில் பிறக்கிறது.

சுகப்பிரசவத்தில் பிறக்கும் குழந்தை, வரும் வழியிலேயே தாயின் குடல் பாக்டீரியாக்களைப் பெற்றுக்கொள்கிறது. சிசேரியனில் அந்த வாய்ப்பு குறைவு. 2019-ல் பிரிட்டனில் 596 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சிசேரியன் குழந்தைகளின் குடலில் தாயிடமிருந்து வரவேண்டிய சில பாக்டீரியாக்கள் குறைவாகவும், மருத்துவமனைச் சூழலில் காணப்படும் கிருமிகள் அதிகமாகவும் இருந்தன.

அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு. குழந்தை வளர்ந்து, திட உணவு சாப்பிடும் பருவத்துக்குள் இந்த வித்தியாசம் பெருமளவு மறைந்துவிட்டது. தாயையும் சேயையும் காப்பாற்றத்தான் சிசேரியன் செய்யப்படுகிறது. அதை நினைத்துக் குற்றவுணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. சிசேரியனானாலும் குழந்தையைத் தாயின் மார்போடு ஒட்டிப் போட்டு, கூடிய சீக்கிரம் பால் கொடுக்க உதவினால், விட்டுப்போனதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் அப்படிப் பால் கிடைத்தவர்கள் 41.8 சதவிகிதம்தான் என்கிறது அதே கணக்கெடுப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் தாயால் எழுந்து உட்காரவும் முடியாது. கூட இருக்கும் பாட்டியோ, சித்தியோ, நர்ஸோ கை கொடுத்தால்தான் அது நடக்கும்.

ஒடிசா கிராமங்களில் ஒரு சோதனை

குடல் பாக்டீரியாவுக்கும் குழந்தையின் உயிருக்கும் எவ்வளவு நெருக்கம் என்பதைக் காட்டியது, நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு.

பிறந்த குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று செப்சிஸ். கிருமித்தொற்று உடல் முழுவதையும் பாதித்து உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலை இது. குழந்தைகள் நல மருத்துவர் பினாகி பாணிக்ரஹி தலைமையிலான குழு, இதைத் தடுக்க ஒடிசாவின் கிராமங்களில் ஒரு முயற்சி செய்தது. 4,556 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் ஓரளவு நல்ல எடையுடன் பிறந்து, தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியவர்கள். ஒரு பாதிக்கு, ‘லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம்’ என்ற நல்ல பாக்டீரியாவும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையும் சேர்ந்த கலவை ஏழு நாள்கள் கொடுக்கப்பட்டது. மறு பாதிக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் பொடி.

முதல் 60 நாள்கள் கண்காணித்தார்கள். வெறும் பொடி பெற்றவர்களில் 9 சதவிகிதக் குழந்தைகளுக்கு செப்சிஸ் அல்லது மரணம் நேர்ந்தது. பாக்டீரியா பெற்றவர்களில் அது 5.4 சதவிகிதம். அதாவது 40 சதவிகிதம் குறைவு! பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வு நிறுத்தப்பட்டது. 2017-ல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகள் வெளியாகின.

இங்கே கவனிக்க வேண்டியது, விதையும் தீனியும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன என்பது. தாய்ப்பால் செய்வதும் அதைத்தான்.

‘பிளான்டாரம் ஊறுகாயிலும் புளித்த உணவுகளிலும் இருக்கிறதாமே, அப்போ பழைய சோற்றுத் தண்ணீர் கொடுக்கலாமா?’ என்று யாராவது கேட்கக்கூடும். கூடவே கூடாது. அந்த ஆய்வில் கொடுத்தது, தேர்ந்தெடுத்து, பாதுகாப்பு சோதிக்கப்பட்ட ஒரே ஒரு ரகம். வீட்டில் புளித்ததில் என்னென்ன கிருமி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சேனை, தேன், உரைமருந்து...

குழந்தை பிறந்ததும் சேனை தொட்டு வைப்பது நம் ஊர்களில் வழக்கம். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவினால், அந்தக் குணம் பிள்ளைக்கும் வரும் என்ற நம்பிக்கை. சில இடங்களில் கழுதைப்பாலும் உண்டு. ‘பால் பத்தலை போலிருக்கே’ என்று சர்க்கரைத் தண்ணீர், வயிறு உப்பினால் வசம்பு, பிறகு உரைக்கல்லில் இழைத்த உரைமருந்து என்று பட்டியல் நீளும்.

இவற்றின் பின்னால் இருப்பது அன்புதான். ஆனால், முதல் சில நாள்களில் குழந்தையின் குடல், இன்னும் விதைக்காத வயல். எது முதலில் விழுகிறதோ அது வேர் பிடிக்கும். விரலிலும் சங்கிலும் உரைக்கல்லிலும் இருக்கும் கிருமிகளுக்கும் அங்கே இடம் கிடைத்துவிடும்.

தேன் விஷயத்தில் ஆபத்து இன்னும் நேரடியானது. தேனில் ‘கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்ற கிருமியின் உறங்கும் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் நிறைந்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை முளைக்க விடாது. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் பலப்படவில்லை. அங்கே அது முளைத்து, தசைகளை முடக்கும் நச்சை உண்டாக்கலாம். அதனால்தான் ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடும் பழக்கமும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். ஆனால், நோய் எதிர்ப்புப் பொருள்களும் ஹெச்.எம்.ஓ சர்க்கரையும் மிக அதிகமாக இருப்பது அதில்தான்.

“அத்தை, டாக்டரம்மா ஆறு மாசத்துக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. நீங்க பிள்ளையத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க” என்று மருமகள் சொன்னால், மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளும் மாமியார்கள் நிறையப் பேர் உண்டு. மருமகள் சொல்லத் தயங்கினால் மகன் சொல்ல வேண்டும்.

கடையில் வாங்கித் தரலாமா?

புரோபயாடிக் சொட்டு மருந்துகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆரோக்கியமாகப் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, மருத்துவர் சொல்லாமல் இவற்றைக் கொடுக்கக் கூடாது. ஒரு ரகத்தில் கிடைத்த பலன் இன்னொரு ரகத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு புரோபயாடிக் கொடுப்பது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால், புரோபயாடிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை அதே பாக்டீரியாவின் தொற்றால் இறந்ததைத் தொடர்ந்து, 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. ஆகவே, இது மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே எடுக்கவேண்டிய முடிவு.

சில பால் பவுடர்களில் இப்போது ஓரிரு வகை ஹெச்.எம்.ஓ சேர்க்கிறார்கள். தாய்ப்பாலில் இருப்பதோ 150-க்கும் மேல். அதற்காக, உடல்நிலை காரணமாகப் பால் கொடுக்க முடியாத தாயைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த நிலையில் பால் பவுடர் குழந்தையைக் காப்பாற்றும் உணவு. மருத்துவர் சொல்லும் அளவில், கொதிக்கவைத்த தண்ணீரில், சுத்தமாகக் கலந்து கொடுத்தால் போதும்.

தாயிடம் பால் இல்லாத குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கிகள் உதவுகின்றன. இந்தியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது. தானமாகப் பெற்ற பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்குவார்கள். அதில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இறந்துவிடும். ஆனால், ஹெச்.எம்.ஓ சர்க்கரை அந்தச் சூட்டைத் தாங்கி நிற்கும். குடல் அழற்சி நோயால் உயிருக்குப் போராடும் ஆபத்து, இந்தப் பாலைக் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு, பால் பவுடர் குடிப்பவர்களைவிடக் குறைவு.

அம்மாக்கள் கவனத்துக்கு...

* முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும் போதும். கோடைக்காலத்திலும் தண்ணீர் தேவையில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு இணை உணவோடு, இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

* தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக, இளகலாக, சிறு திப்பிகளோடு இருப்பதும், லேசாகப் புளித்த வாடை வருவதும் இயல்பு. ஒரு நாளைக்குப் பலமுறை போகலாம். ஒரு மாதத்துக்குப் பிறகு சில நாள்களுக்கு ஒருமுறை போவதும் உண்டு. எடை கூடி, நன்றாகச் சிறுநீர் கழித்தால் பயம் வேண்டாம்.

* தாய்க்கு ஆன்டிபயாடிக் எழுதித் தந்தால், பால் கொடுப்பதை நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலான மருந்துகளோடு பால் கொடுக்கலாம். மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* குழந்தைக்குச் சளி, இருமல் என்றதும் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள். கெட்ட கிருமியோடு நல்ல பாக்டீரியாவும் அழியும்.

* வேலைக்குச் செல்லும் அம்மாக்கள், கையை நன்றாகக் கழுவி, சுத்தமான பாத்திரத்தில் பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுக்கலாம்.

* பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உடல் சுடுவது அல்லது சில்லிடுவது, வேகமாக மூச்சு வாங்குவது... பிறந்த குழந்தையிடம் இவற்றில் எது தெரிந்தாலும் செப்சிஸாக இருக்கலாம். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரவு நேரமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.